இருபத்தேழாம் எண்ணின் அரை மணி நேரம்

திங்கட்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குப் பிரசன்னா வந்து சபீனாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். நின்ற விதமே சரியில்லை. டீம் லீட் என்றாலும் சாதாரணமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னங்க, கியூ எவ்ளோ நிக்குது?" என்று கேட்கிறவன்தான். இன்றைக்கு நாலைந்து தாள்களை மார்போடு சேர்த்து அணைத்திருந்தான், மார்க் சொல்லாமல் இழுத்தடிக்கிற வாத்தியார் மாதிரி.

"சபீனா, மூணு மணிக்கு மேனேஜர் வரதராஜன் சார் உங்களப் பாக்கணுமாம். கண்ணாடி ரூம்ல."

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை கமென்ட்ஸ் விஷயம். லண்டன்லேருந்து மெயில் வந்திருக்கு." குரலைத் தாழ்த்தினான். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த கிரிஜாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். "நாப்பத்தோரு கமென்ட், எல்லாம் ஒரே பக்கமா பாஸ் ஆயிருக்கு. பேச்சே திடீர்னு மாறிச்சு, இது பாரபட்சம்னு எழுதியிருக்காங்க. அது உறுதியாச்சுன்னா... உங்களுக்கே தெரியும், இப்ப நிலைமை எப்படின்னு. போன மாசம்தான் மேல் மாடியில நாப்பது பேரை அனுப்பினாங்க."

சபீனா துப்பட்டாவின் நுனியைச் சுருட்டி விரலில் இறுக்கினாள். விரல் வெளுத்துப் போனது.

அவர்கள் வேலை இதுதான். லண்டன் பத்திரிகை ஒன்றின் இணையப் பக்கத்தில் செய்திக்குக் கீழே வாசகர்கள் எழுதுவார்கள். எழுதியது உடனே பக்கத்தில் ஏறிவிடாது. ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் நாலாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர் அதைப் படித்து, 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' அழுத்த வேண்டும். வாய் அங்கே, வடிகட்டி இங்கே. லண்டன்காரர்களுக்கு இவர்களின் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். சபீனா இருபத்தேழு. கிரிஜா இருபத்தெட்டு.

டிசம்பர் கடைசி வாரம் காஸாவில் குண்டு விழத் தொடங்கியதிலிருந்து கியூ முழுக்க அதுதான். அறுபது வருஷச் சண்டை. முதல் வாரம் கிரிஜாவுக்குக் கொட்டாவிதான் வந்தது. பத்தில் ஏழு பேர் 'நன்றாகப் போடு' என்பார்கள், மூன்று பேர் 'கொலைகாரர்களே' என்பார்கள். இரண்டு கூட்டமும் பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்ததையே எடுத்து ஒட்டுகிற மாதிரி இருக்கும். இரண்டாம் வாரம், பள்ளிக்கூடத்தருகே குண்டு விழுந்த செய்திக்குப் பிறகு, வேறு மாதிரி ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். 'நான் இதுவரை... ஆனால்' என்று தொடங்குகிறவர்கள். முதலில் நூற்றுக்கு இரண்டு பேர். வெள்ளிக்கிழமை நூற்றுக்கு முப்பது பேர். உலகத்தின் பேச்சு திரும்புவதை கிரிஜா கண்ணால் பார்த்தாள். யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

அதே ஜனவரியில் வன்னியிலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அந்தப் பத்திரிகையில் வந்த செய்திக்குக் கீழே மொத்தம் பதினாறு கமென்ட். கிரிஜாவே பார்த்து முடித்தாள், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்தப் பிணத்துக்கு ஊர் வாய் திறக்கும் என்பது கியூவின் நீளத்திலேயே தெரிந்துவிடும் என்று அன்றைக்குக் கேன்டீனில் சத்தமாகச் சொல்லிவைத்தாள். அவளுக்கு வாயில் பூட்டுக் கிடையாது. நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவரின் மகள். அவர்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம். ஹைதராபாத் வந்த புதிதில் மூன்று கால் சென்டர்களில் 'உங்க இங்கிலீஷ்ல தாய்மொழி வாசனை அடிக்குது' என்று அனுப்பிவிட்டார்கள். பேசத்தானே கூடாது, படிக்கலாமே என்று இந்த வேலைக்கு வந்தாள். படிப்பதில் அவளை யாரும் குறை சொன்னதில்லை.

பிரசன்னா போனபோது மேல் தாள் ஒன்றை மேஜையில் விட்டுப் போயிருந்தான். கிரிஜா எட்டிப் பார்த்தாள். நாற்பத்தொரு வரிகள், வரிக்கு ஒரு நேரம். மதியம் ஒன்று முப்பதிலிருந்து ஒன்று நாற்பத்தைந்து வரை. பிறகு நாலரையிலிருந்து நாலே முக்கால் வரை. மொத்தம் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரம் சபீனாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது கிரிஜா.

அது அந்த மாடியில் எல்லோரும் செய்வதுதான். பத்து நிமிடம் ஒருவர் நாற்காலி சும்மா இருந்தால் சுவரில் இருக்கும் பெரிய திரையில் அவர் எண் சிவப்பாகிவிடும். நாளைக்கு இரண்டு சிவப்பு என்றால் மாதக் கடைசியில் விளக்கம் எழுத வேண்டும். அதனால் எழுந்து போகிறவர் பக்கத்து ஆளிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போவார். பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்து இரண்டு கியூவையும் ஓட்டுவார். பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் கீபோர்டுக்கு அடியில் இருக்கும். "சீட்டு சூடா இருக்கணும்ப்பா, அவ்ளோதான் எனக்கு வேணும்" என்று சிரித்தபடி இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தவனே பிரசன்னாதான்.

சபீனாவுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. குழந்தை ஊரின் மறு கோடியில், போலாரத்தில் அவள் அம்மாவிடம். இரண்டு பஸ் மாறி வந்து, திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டு மணி நேரம். பால் கட்டிக்கொண்டால் ஜுரமே வந்துவிடும். ஒன்றரைக்கும் நாலரைக்கும் அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்துப் பாலைப் பீய்ச்சிவிட்டு வருவாள். கிரிஜாவைத் தவிர யாருக்கும் தெரியாது. பிரசன்னாவிடம் போய் அவள் எப்படிச் சொல்வாள்?

கிரிஜா எழுந்து கழிவறைப் பக்கம் நடந்தாள். சபீனா பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, அந்த டைமைப் பாத்தீங்களா? அது நானுங்க்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க? நான் இப்பவே போய்ச் சொல்லீர்றேன்."

"நக்கோ கிரி, வேணாம்." சபீனா குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு வெளியே கேட்காமல் இருக்க. "பாஸ்வேர்டு குடுத்தவளும் வெளிய, வாங்கினவளும் வெளிய. சேரும்போது கையெழுத்துப் போட்டோமில்ல? ஒருத்தி போற இடத்துக்கு ரெண்டு பேர் போகணுமா?"

"தப்பே பண்ணாத இடத்துல ஒருத்தி மட்டும் எதுக்குங்க போகணும்?"

"மெதுவா பேசு. எனக்கும் கோபம் வருது. ஆனா எங்க வீட்டுல இப்ப சம்பாதிக்கற கை இது ஒண்ணுதான்." வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அவள் கணவர் துபாயில் கட்டட வேலை நின்றுபோய் டிசம்பரில்தான் திரும்பி வந்திருந்தார். அவள் அப்பா முகமது யூசுப் ராணுவ ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவர். "நாப்பத்தொண்ணையும் ரூல் புக் வச்சுப் பாப்பாங்க. நீ சரியாத்தான் பண்ணியிருப்ப. தப்பு இல்லைன்னா விட்டுருவாங்க. நீ வாயத் திறக்காத, அது போதும். சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேனுங்க. பாக்கறேன்."

நாற்காலிக்குத் திரும்பியதும் கிரிஜா அந்த நாற்பத்தொன்றையும் மறுபடி படித்தாள். விதிப் புத்தகம் சொல்வது எளிது: ஒரு நாட்டின் செயலைக் கண்டிக்கலாம், ஒரு ஜனத்தைத் திட்டக் கூடாது, சாவைக் கொண்டாடக் கூடாது. அவ்வளவுதான். நாற்பத்தொன்றும் குண்டு போட்டதைக் கண்டிப்பவை, பாதிக்கு மேல் 'நான் இதுவரை... ஆனால்' என்று தொடங்குகிறவை; ஆனால் ஒன்றுகூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. கிரிஜாவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. ஆனால் பிரசன்னாவின் தாளில் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. 'அதே நாளில், இதே எண், மற்ற எட்டு மணி நேரத்தில் பாஸ் செய்த இதே வகைக் கமென்ட்: 19.'

எட்டு மணி நேரத்தில் பத்தொன்பதா? அரை மணியில் நாற்பத்தொன்று வருகிற கியூவில்?

ஒன்றரைக்குச் சபீனா கண்ணைக் காட்டிவிட்டு எழுந்தாள். இன்றைக்குமா என்று கிரிஜாவுக்குப் பக்கென்றது. ஆனால் பாலுக்கு விசாரணை, மீட்டிங் எல்லாம் தெரியுமா? நகர்ந்து உட்கார்ந்தாள். இடது கையால் கியூவை ஓட்டிக்கொண்டே சபீனாவின் ரிஜெக்ட் பட்டியலைத் திறந்தாள்.

இன்னும் மூடப்படாமல் இருந்த பெரிய விவாதப் பக்கம் ஒன்றுதான். நேற்றுச் சண்டை நின்றுவிட்டதால் அதையும் இன்று மாலை ஆறரைக்கு மூடப்போகிறார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் இருபத்தேழாம் எண் ரிஜெக்ட் செய்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. கிரிஜா ஒன்றைத் திறந்தாள்.

'முப்பது வருஷமாக ஒரே பக்கம் நின்று இந்தப் பத்திரிகைக்கு எழுதி வருகிறேன். இந்த வாரம் எழுத உட்கார்ந்தால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.'

இதை ஏன் தூக்க வேண்டும்? அடுத்தது.

'நான் போருக்கு எதிரான ஊர்வலத்துக்குப் போனவள். ராக்கெட் விழுகிற ஊரில் என் தங்கை இருக்கிறாள். அவளுக்காக அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.'

இதுவும் ரிஜெக்ட். காரணம்: பிறர் மனத்தைப் புண்படுத்துவது. பத்து, இருபது, முப்பது என்று திறந்துகொண்டே போனாள். இந்தப் பக்கத்தவர்கள், அந்தப் பக்கத்தவர்கள் என்று வித்தியாசமே இல்லை. மனசு அசைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்ட அத்தனை பேரையும் சபீனா வாசலிலேயே நிறுத்தியிருந்தாள். பழைய கூச்சல்காரர்கள் மட்டும் தாராளமாக உள்ளே போயிருந்தார்கள்.

சபீனா முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றாள். திரையைப் பார்த்ததும் துடைப்பது நின்றது.

"இதையெல்லாம் ஏனுங்க்கா தூக்கினீங்க?"

"எழுந்திரு."

"சொல்லுங்க. இதுல என்ன கெட்ட வார்த்தை இருக்குது?"

சபீனா குனிந்து அவள் காதுக்கருகே பேசினாள். "உன் பேரு கிரிஜா. நீ பாஸ் பண்ணா அது ரூல். நான் பண்ணா அது சபீனா. புரியுதா? கத்தறவனைப் பத்தி எனக்குப் பரேஷான் இல்ல, கவலையே இல்ல. ரெண்டு பக்கமும் அதே கத்தல், ரூல் புக்லயே உதாரணம் இருக்கு. மனசு மாறிட்டேன்னு எழுதறான் பாரு, அவன்தான் பயம். அவன் எந்தப் பக்கம்னு யாராலயும் சொல்ல முடியாது. நாளைக்கு யாராவது 'இதை ஏன் விட்ட'ன்னு கேட்டா, என்கிட்ட என்ன இருக்கு காட்ட?"

"அதுக்குன்னு இருநூத்திப் பன்னெண்டு பேரு வாயிலயா மண்ணை அள்ளிப் போடறது?"

"ரிஜெக்ட் பண்ணதுக்காக எவனாவது வேலைய விட்டு எடுத்ததைப் பாத்திருக்கியா? பாஸ் பண்ணதுக்குத்தான் எடுப்பான்."

"அப்ப ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நான் போட்ட நாப்பத்தொண்ணு அவனுங்க கண்ணுக்குத் தெரிஞ்சதே நீங்க மத்ததைத் தூக்கினதாலதானுங்க. எல்லாத்தையும் நேரா விட்டிருந்தா அது நாப்பத்தொண்ணு இல்ல, கியூவோட கியூவாப் போயிருக்கும்."

சபீனாவின் மூக்கு நுனி மட்டும் சிவந்தது. கிரிஜா சொன்னது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எப்போதும் அப்படித்தான் உறைக்கும்.

மூன்று மணி. சபீனா கண்ணாடி அறைக்குள் போனாள். கிரிஜா தன் இடத்திலிருந்தே பார்த்தாள். மேஜையின் அந்தப் பக்கம் வரதராஜன், பக்கத்தில் பிரசன்னா. பேச்சு கேட்கவில்லை. வரதராஜன் கையை விரித்தார், சிரித்தார், பிறகு ஒரு தாளையும் பேனாவையும் சபீனாவின் பக்கம் நகர்த்தினார். சபீனா தாளைப் படித்தாள். தலை குனிந்தது. பேனாவை எடுத்தாள்.

நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க அரை மணி நேரமாவது ஆகும். ஏழு நிமிடத்தில் என்ன கையெழுத்து?

கிரிஜா எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே வரதராஜன் பேசிக்கொண்டிருந்தார்: "... தப்பா எடுத்துக்க நக்கோமா. ஒன்றரை, நாலரை, உங்க நமாஸ் டைம்தானே? அந்த நேரத்துல மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் போகும். நேச்சுரல். எனக்கும் சனிக்கிழமை ஆனா வெங்கடாசலபதி ஞாபகம்தான்." நிமிர்ந்தார். "யாரும்மா நீங்க? யார் கூப்பிட்டா?"

வரதராஜன் சிக்கந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் ஊர் உருது கலந்து வரும். நாலு தலைமுறைக்கு முன்னால் ரயில்வேக்கு வந்த குடும்பம். கோபப்படாத மனுஷன் என்று பெயர். கோபப்படாமலே நாற்பது பேரை அனுப்பியவர்.

"யாரும் கூப்பிடலீங்க சார். அந்த அரை மணி நேரம் இவங்க சீட்டுல உக்காந்திருந்தது நானுங்க. நாப்பத்தொண்ணும் நான் போட்டது."

சபீனா கண்ணை மூடிக்கொண்டாள். பிரசன்னா மேஜையில் எதையோ தேடினான். அவன் முன்னால் ஒன்றும் இல்லை.

"உங்க பேர்?"

"கிரிஜா. இருபத்தெட்டு. ஊரு நாமக்கல்."

"ஓ." வரதராஜன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் தோள் இரண்டும் இறங்கியதைக் கிரிஜா பார்த்தாள். "நீங்களா? அப்ப விஷயமே வேற. இது பாரபட்சம் கிடையாது. பயிற்சிக் குறை. பிரசன்னா, இவங்களுக்கு ரெண்டு நாள் கோச்சிங் போடுங்க."

"எப்படிங்க வேற?"

"என்ன?"

"அதே நாப்பத்தொண்ணுதானுங்க? ஒரு எழுத்து மாறலையே. அக்கா போட்டா பாரபட்சம், நான் போட்டா பயிற்சிக் குறையா? அஞ்சு நிமிஷத்துக்கு முந்தி நமாஸ்னீங்க. எனக்கு எந்தச் சாமி வந்து கையப் புடிச்சுதுன்னு சொல்லுங்க."

"கிரிஜா," என்றான் பிரசன்னா, "கொஞ்சம் மரியாதையா..."

"மரியாதையாத்தானுங்க கேக்கறேன். நீங்க சொல்லுங்களேன், சீட்டு சூடா இருக்கணும்னு சொன்னது யாருன்னு. இவங்க எந்திரிச்சுப் போறதும் நான் உக்கார்றதும் உங்களுக்குத் தெரியாதா? அப்புறம் எதுக்கு காலைல தாளைக் கட்டிப் புடிச்சுட்டு வந்து நின்னீங்க?"

பிரசன்னாவின் முகம் வெளிறியது. வரதராஜன் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"இப்ப சொன்னது இந்த ரூமைத் தாண்டக் கூடாது," என்றார். குரலில் சிரிப்பு போயிருந்தது. "பாஸ்வேர்டு கைமாறினதை நான் எழுதினேன்னா நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கே வெளிய. பிரசன்னாவும் வெளிய. கிளையன்ட் கான்ட்ராக்டே போகும். கைக்கு இதெல்லாம், எதுக்கு? நான் எழுதப்போறதில்ல. ஆனா அஞ்சு மணிக்கு லண்டன் கால். அவங்களுக்கு ஒரு பதில் வேணும். லெட்டர் ரெடியா இருக்கு. சபீனா கையெழுத்துப் போட்டா, நாளைலேருந்து கார் விளம்பரம் பாக்கற டீம். வேலை இருக்கும். எல்லாருக்கும் சேஃப்."

கிரிஜா அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். 'என் மத நம்பிக்கையின் காரணமாக இந்தப் பொருளில் என்னால் நடுநிலையோடு செயல்பட இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இல்லாத வாக்கியம்.

"உண்மை தெரிஞ்ச அப்புறமுமா இதுல போடச் சொல்றீங்க?"

"உண்மை எனக்குத் தெரியும்மா. லண்டனுக்கு எண்தான் தெரியும்."

அவள் தாளைக் கிழிக்கப் போனாள். சபீனா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"போதும் கிரி. உக்காரு."

உட்கார்ந்தாள். தன் வாயால் எதுவும் நகரவில்லை. அவள் உண்மையைச் சொன்னாள். உண்மையைக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லாத குறையாக, அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். சபீனா பேனாவின் மூடியைக் கழற்றி, அந்த வாக்கியத்தின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். அதற்குக் கீழே எழுதினாள். நாலு வரிதான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பேனா நின்று நின்று நகர்ந்தது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு வரதராஜனிடம் நீட்டினாள்.

அவர் வாய்விட்டே படிக்க ஆரம்பித்தார். "நான் பாலூட்டும் தாய். ஒரு நாளைக்கு இரண்டு முறை, பதினைந்து நிமிடம்..." நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். மீதியை மனசுக்குள் படித்தார். பிரசன்னா சுவரில் இருந்த தீ அணைப்பானின் விளக்கக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தான்.

"இதை... இதை நான் எப்படிமா லண்டனுக்கு அனுப்பறது?"

"நமாஸை அனுப்ப ரெடியா இருந்தீங்களே சார்," என்றாள் சபீனா. "நான் ஆஃபீஸ்ல ஒரு நாளும் நமாஸ் பண்ணினதில்ல. வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சேர்த்துத்தான் பண்ணறேன்." மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணும் இருக்கு. தப்பு நடந்திருக்கு. அந்த நாப்பத்தொண்ணுல இல்ல."

"அக்கா," என்றாள் கிரிஜா. இதை மட்டும் சொல்லாதீர்கள் என்று கத்தத் தோன்றியது. எதையும் மறைக்கக் கூடாது என்று ஊரெல்லாம் பேசுகிறவளுக்கு, வாழ்க்கையில் முதல் முறையாக, ஓர் உண்மை வாயை மூடிக்கொண்டு இருந்தால் தேவலை என்றிருந்தது.

சபீனா அவளைப் பார்க்கவில்லை. "லண்டன்ல என்ன கேட்டாங்க? பக்கம் எப்படி திடீர்னு மாறிச்சுன்னுதானே? திடீர்னு மாறல சார். ரெண்டு வாரமாவே ஜனங்க மாறிட்டுத்தான் இருக்காங்க. என் கியூல வந்ததை நான் நிறுத்தி வச்சிருந்தேன். பயத்துல. என் பேரைப் பாத்து நீங்க என்ன நினைப்பீங்கன்னு நானே முன்கூட்டி நினைச்சு, ரூல்ல இல்லாததையெல்லாம் ரிஜெக்ட் பண்ணேன். திறந்திருக்கற பக்கத்துல மட்டும் இருநூத்திப் பன்னெண்டு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. நமாஸுக்குக் குடுக்காதீங்க."

வரதராஜன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"எல்லாரும் சீட்டுக்குப் போங்க," என்றார். "அஞ்சு மணிக்கு வாங்க."

ஐந்து மணிக்கு மேஜையின் நடுவில் இருந்த ஸ்பீக்கர் போனைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தார்கள். லண்டனிலிருந்து பேசியது பெண் குரல். தூங்கி நாளான குரல். வரதராஜன் இங்கிலீஷில் சுற்றி வளைத்தார். நாற்பத்தொன்றும் விதிப்படி சரியானவை. ஆனால் அதற்கு முன்னால் தேவைக்கு அதிகமாக ரிஜெக்ட் ஆகியிருக்கிறது. அதனால்தான் திடீர் மாற்றம் போலத் தெரிந்தது. பாஸ்வேர்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நமாஸைப் பற்றியும் இல்லை.

"எத்தனை?" என்றது குரல்.

"இருநூற்றுப் பன்னிரண்டு."

"இரண்டு பக்கமும் என்னைத் தினமும் திட்டுகிறார்கள்," என்றது குரல். "பக்கத்தை மூடுவதற்குள் விதிக்குப் பொருந்துவதையெல்லாம் போட்டுவிடுங்கள். அப்புறம், இருபத்தேழாம் எண் நாளையிலிருந்து எங்கள் வேலையில் வேண்டாம். காரணம் கேட்கவில்லை. நன்றி." இணைப்பு நின்றது.

வரதராஜன் சபீனாவைப் பார்க்காமல் பேசினார். "வேலை ஒதுக்காம பெஞ்ச்ல போடறேன். முப்பது நாள். அதுக்குள்ள வேற டீம்ல இடம் வந்தா பாக்கலாம்." இந்த ஜனவரியில் எந்த டீமிலும் இடம் வராது என்பது அந்த அறையில் இருந்த நாற்காலிக்குக்கூடத் தெரியும். "உங்க ஃபைல்ல பாரபட்சம்ங்கற வார்த்தை வராது. ஹவ், ஆமா, அது என் பொறுப்பு. உங்க லெட்டரை ஹெச்.ஆர்.க்கு அனுப்பறேன். கையில அப்படி ஒரு லெட்டரை வச்சுக்கிட்டு முப்பத்தோராம் நாள் அனுப்பறதுக்கு அவங்களும் கொஞ்சம் யோசிப்பாங்க. அவ்ளோதான்மா என்னால முடிஞ்சது."

வெளியே வந்ததும் கிரிஜா கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். "நானும் போறேனுங்க. இவனுங்க மூஞ்சில விட்டெறிஞ்சுட்டுப் போறேன்."

சபீனா திரும்பியபோது அவள் கண்ணில் இருந்தது நன்றியாக இல்லை. "போ. போய் என்ன பண்ணுவ? நாமக்கல் பஸ் ஏறுவ. உங்கப்பா கிளீனர் வேலைலேருந்து ஏறி உன்னைப் படிக்க வச்சாரு. உன் வேலை போனா எனக்கு என்ன கிடைக்கும், கிரீடமா? நான் வேணாம்னு சொன்னேன், நீ கேக்கல. உள்ள வந்து பேசின. சரி. நீ வரலைன்னா நான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருப்பேன், அதுவும் உண்மை. இப்ப ரெண்டையும் கூட்டிக் கழிக்க எனக்கு நேரமில்ல. மணி அஞ்சு இருபது. இருநூத்திப் பன்னெண்டு இருக்கு. நூத்தியாறு நீ எடு."

கிரிஜா அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

சபீனா மேலிருந்து எடுத்தாள், கிரிஜா கீழிருந்து எடுத்தாள். ஒவ்வொன்றையும் புதிதாகப் படித்து, விதியில் வைத்துப் பார்த்து, அழுத்த வேண்டும். ஆறு மணிக்குப் பிரசன்னா வந்து நின்றான். "நான் ஒரு முப்பது பாக்கட்டுமா?" என்று கேட்டான். சபீனா முகம் திருப்பாமல், "எண்பதுலேருந்து நூத்திப் பத்து வரைக்கும்" என்றாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினான்.

ஆறு இருபத்தெட்டுக்குக் கிரிஜாவிடம் ஒன்று மிச்சம். ஒரு கிழவன் எழுதியிருந்தான். வயதைப் போட்டிருந்தான், எழுபத்து நாலு. வாழ்நாளெல்லாம் எல்லாப் போரையும் எதிர்த்தவனாம். இந்த முறை குண்டு போட்டது சரிதான் என்று முடிவுக்கு வந்துவிட்டானாம். ஏன் என்று பத்து வரியில் காரணம் சொல்லியிருந்தான். கிரிஜாவுக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா இத்தனை பாடு? கை மவுஸின் மேலேயே நின்றது.

"என்னடி நிறுத்திட்ட?"

"இந்தாளு சொல்றது எனக்குப் புடிக்கலீங்க்கா."

"யாரையாவது திட்டியிருக்கானா?"

மறுபடி படித்தாள். "இல்லீங்க."

"செத்தவங்களைப் பாத்துச் சிரிச்சிருக்கானா?"

"இல்ல. வருத்தமாத்தான் எழுதியிருக்கான். அதுதான் எரிச்சலா இருக்குது."

"அப்புறம் எதுக்கு யோசிக்கற? ஒரு நிமிஷம்தான் இருக்கு."

கிரிஜா பல்லைக் கடித்துக்கொண்டு 'பாஸ்' அழுத்தினாள்.